கோழியைக் கேக்காம போட்ட டயட் சார்ட்

"அத்தை, ரெண்டு பேருக்கு எத்தனை கோழி இருந்தாப் போதும்?"

சென்னையில ஐடி வேலை பாக்குற எங்க அண்ணன் பையன்தான் போன்ல கேக்குறான். அவனும் அவன் பொண்டாட்டியும் இப்ப 'அனிமல் பேஸ்டு' சாப்பாட்டுக்கு மாறிட்டாங்களாம். கறி, முட்டை, பால், வெண்ணெய், பேருக்குக் கொஞ்சம் காய். சோறு, இட்லி, தோசைக்கெல்லாம் பெரிய கும்பிடு.

சரி, அது அவங்க வயிறு. அதுல எனக்கு ஒரு பேச்சும் இல்ல.

அடுத்து ஒன்னு சொன்னான் பாருங்க. "ஊருக்கே வந்துரலாம்னு இருக்கோம் அத்தை. எல்லாத்தையும் நாமளே வளர்த்து நாமளே சாப்பிட்டா செலவே இல்லைல்ல? நீங்க இருக்கீங்கள்ல, அது மாதிரி."

செலவே இல்லையாம்!

(அவன் இதைச் சொன்னப்போ நான் நொய்யும் கடலைப் புண்ணாக்கும் எறக்குன பில்லை மடிச்சு டப்பாவுல போட்டுட்டு இருந்தேன்.)

போன்ல ஒழுங்கா பதில் சொல்ல முடியல. எருமை கறக்குற நேரம். அதான் இங்க கொட்டிடறேன். அவனை மாதிரியே கேக்குறவங்க நெறையப் பேர் இருக்கீங்கன்னு தெரியும்.

எங்களைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: நாங்க தாராபுரம் பக்கம். மழை கம்மி, காத்து ஜாஸ்தி. கொஞ்சம் தோட்டம், மிச்சமெல்லாம் மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காடு. ஒரு எருமை, ஒரு காங்கேயம் பசு, கொஞ்சம் வெள்ளாடு, நாலஞ்சு மேச்சேரி செம்மறி, சிறுவிடைக் கோழிங்க. எங்க வூட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து, டாக்டர் சோத்தைக் கொறைக்கச் சொன்னதுல ஆரம்பிச்ச கதை இது. தட்டுல சோறு இருந்த எடத்தை முட்டையும் தயிரும் கறியும் காயும் மெதுவாப் புடிச்சுக்கிச்சு. (மாத்திரை, ரத்த டெஸ்ட் எல்லாம் டாக்டர் சொல்றபடிதான் நடக்குது. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்திராதீங்க, புண்ணியமாப் போகும்.) இந்தச் சாப்பாட்டுக்கு ஒரு இங்கிலீஷ் பேர் இருக்குன்னே எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது.

கணக்குக்கு வருவோம்.

அவன் வாட்ஸப்புல அனுப்புன சார்ட்டுல ஆளுக்கு தினம் 4 முட்டை. ரெண்டு பேருக்கு 8. வருசத்துக்கு 2,920.

நாமக்கல் பண்ணையில இருக்கற வெள்ளைக்கோழின்னா வருசத்துக்கு 300 முட்டை போடும். அந்த வேலைக்குன்னே தலைமுறை தலைமுறையாப் பொறுக்கி எடுத்த ரகம் அது. நம்ம சிறுவிடை அப்படியில்ல. பன்னெண்டு, பதினஞ்சு முட்டை போடும். போட்டுட்டு அடைக்கு உக்காந்துரும். 21 நாள் அசையாது. பொரிச்சதும் குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு ரெண்டு மூணு மாசம் காடு மேடெல்லாம் சுத்தும். அதுக்கப்புறம்தான் அடுத்த சுத்து முட்டை.

ஆக, வருசத்துக்கு 50, 60. நல்லாப் பாத்துக்கிட்டா 70. நடுவுல 60-ன்னு வெச்சுக்குவோம். 2,920-ஐ 60-ஆல வகுங்க. 49 கோழி.

"49 தானே அத்தை, வாங்கிக்கலாம்!"

அட சாமி! அந்த 49-ம் போடுற முட்டையெல்லாம் நீங்களே தின்னுட்டா குஞ்சு எங்கிருந்து வரும்? கறிக்குச் சேவல் எங்கிருந்து வரும்? அடுத்த வருசம் முட்டை போட வெடக்கோழி எங்கிருந்து வரும்?

அடைக்கு உக்காந்த கோழியைத் தெளிய வெக்கறதுக்கு வழி இருக்குதான். தண்ணித் தொட்டியில முக்கி எடுக்கறது, கூடையைக் கவுத்துப் போட்டு அடைக்கறது. ரெண்டும் செஞ்சு பாத்தாச்சு. சில கோழி நாலஞ்சு நாள்ல தெளிஞ்சு மறுபடி முட்டைக்கு வந்துரும். சிலது சொட்டச் சொட்ட ஈரத்தோட நேரா அதே மூலைக்குப் போய் உக்காந்துக்கிட்டு என்னை ஒரு பார்வை பாக்கும். மாமியார் கண்ணுல பட்டா அவங்க பங்குக்கு: "ஏனம்மிணி, உனக்குப் பொறந்தது மட்டுந்தேன் புள்ளையா? அதுக்கும் நாலு குஞ்சு வேண்டாமா?"

இதுக்கு என்னத்தைப் பதில் சொல்றது.

அடை வெக்கறது அவங்க டிப்பார்ட்மென்ட். கூடையில மணல், மேல வைக்கோல், அதுக்கு மேல முட்டை. ஓரத்துல ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ரெண்டு காஞ்ச மொளகா. இடி இடிச்சா முட்டையெல்லாம் கூமுட்டையாயிருமாம், அதுக்குக் காப்பு. அறிவியல் என்னன்னு என்னைக் கேக்காதீங்க. மொளகாயை எடுத்துட்டு ஒருக்கா வெச்சுப் பாத்தேன். நல்லாத்தான் பொரிச்சது. (மாமியார்கிட்ட சொல்லல. நீங்களும் சொல்லிராதீங்க.)

என்னோட வேலை டார்ச் லைட் அடிக்கறது. ஏழாம் நாள் ராத்திரி, கோழியோட கொத்தை வாங்கிக்கிட்டு, ஒவ்வொரு முட்டையா எடுத்து டார்ச் வாயில வெச்சுப் பாக்கணும். கரு கூடியிருந்தா உள்ளார செவப்பு நரம்பு பரவியிருக்கும், நடுவுல ஒரு புள்ளி லேசா அசையும். வெறும் மஞ்சளா வெளிச்சம் ஊடுருவுனா அது கூமுட்டை, எடுத்துரணும். எடுக்காம விட்டு அது வெடிச்சா அந்த நாத்தம் சட்டுனு போகாது.

பொரிச்ச குஞ்சு அத்தனையும் கோழியாகும்னு நெனச்சுக்கக் கூடாது. வானத்துல பருந்து. வேலியோரம் கீரி. சந்துல சாரைப்பாம்பு. காக்கா வேற. பத்து பொரிச்சா அஞ்சு தேறுனாலே அந்தத் தாய்க்கோழிக்கு ஒரு சலாம் போடலாம்.

இதையெல்லாம் தாண்டி வெள்ளைக்கழிச்சல். அது வந்துச்சுன்னா ஒரு வாரத்துல தாவாரத்தையே தொடச்சுட்டுப் போயிரும். மொத வாரத்துலயே கண்ணுலயும் மூக்குலயும் சொட்டு மருந்து விடணும், அப்புறம் எட்டு வாரம் ஆனதும் ரெக்கைக்கு அடியில ஊசி. கால்நடைத் துறைக்காரங்க பிப்ரவரி மாசம் ரெண்டு வாரம் முகாம் வெச்சு இலவசமாவே போடுறாங்க. அதுக்கும் கோழியைத் தூக்கிட்டு வராம, "நாட்டுக்கோழிக்கு எதுக்குங்க ஊசி, அதுக்குத்தான் எதிர்ப்பு சக்தி இருக்குதே"ன்னு வியாக்கியானம் பேசறவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அந்த எதிர்ப்பு சக்தியைக் குழி வெட்டிப் பொதைச்சவங்க எங்க ஊர்லயே இருக்காங்க.

தீவனம்? "மேஞ்சு தின்னுக்கும்ல அத்தை?"

மேயும். பத்து கோழின்னா மேஞ்சே தின்னுக்கும். 49-ன்னா பத்தாது. ஒரு கோழிக்குக் கைத்தீனி 50 கிராம்னு கஞ்சத்தனமாப் போட்டாலும் மாசத்துக்கு 70 கிலோவுக்கு மேல ஆச்சு. கம்போ சோளமோ நொய்யோ, காசு குடுத்துதான் வாங்கணும்.

குஞ்சுகளுக்கு மட்டும் ஒரு ஓசித் தீனி இருக்கு. ஒரு பழைய மண்பானைக்குள்ள கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, ஓலைத் துண்டு எல்லாம் திணிச்சுத் தண்ணி தெளிச்சு, கரையான் நடமாட்டம் இருக்கற எடத்துல சாயங்காலமா தலைகீழாக் கவுத்து வெச்சிருங்க. காலையில தூக்குனா உள்ள பூராக் கரையான். தட்டி விட்டா ரெண்டு நிமிசம். தரை சுத்தம்! (வெயில் ஏறுறதுக்குள்ள தூக்கிரணும். லேட்டா எந்திரிச்சா கரையான் மண்ணுக்குள்ள போயிரும், பானை காலி.)

அப்புறம் அந்தச் சார்ட்டுல காலையில 100 பாதாம்னு போட்டிருந்தது. தமிழ்நாட்டு பேலியோக்காரங்க விட்டுட்டுப் போன சீதனம். உலகத்துல வெளையற பாதாம்ல பெரும்பங்கு கலிபோர்னியாவுல வெளையுது. எங்க கொறங்காட்டுல வெள்வேலங்காய்தான் காய்க்கும். அதை ஆடு திங்கும். நீங்க தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க.

ஆட்டுப் பக்கம் போவோம்.

20 கிலோ உயிர் எடை இருக்கற கிடாயை உரிச்சா எலும்போட 9, 10 கிலோ கறி தேறும். ஆளுக்கு தினம் 200 கிராம்னு ரெண்டு பேருக்குப் போட்டா வருசத்துக்கு 146 கிலோ. அதாவது 15 ஆடு. வெள்ளாடு அஞ்சு மாசச் சினை, ரெண்டு வருசத்துக்கு மூணு ஈத்து, ஒரு ஈத்துக்கு ஒன்னோ ரெண்டோ குட்டி. துள்ளுமாரி, கழிச்சல், தெருநாய்னு போனது போக, அந்த 15 கிடைக்கணும்னா ஏழெட்டுத் தாய் ஆடு வேணும். குட்டி, கிடாய்னு எல்லாத்தையும் சேத்தா இருபது முப்பது உருப்படி எப்பவும் பட்டியில நிக்கும். அத்தனையும் மேயணும்.

மேயறதுக்கு எடம்? எங்களுக்குக் கொறங்காடு இருக்கு, அது மாமனாரோட அப்பாரு விட்டுட்டுப் போன சொத்து. சுத்தியும் கிளுவை வேலி, தரையெல்லாம் கொளுக்கட்டைப் புல், அங்கங்க வெள்வேல மரம். மழை பேஞ்சா புல்லு, கோடையில மரத்துலேர்ந்து உதிர்ற காய். வேலி சரியா இருந்தா மேய்க்கறதுக்கு ஆளே வேண்டாம், தெறந்து விட்டுட்டு வந்துரலாம். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் பொழைச்சுக் கெடக்குறது இந்த ஏற்பாட்டுலதான். இது இல்லாதவங்க அரை ஏக்கர் பண்ணை வீட்டுல முப்பது ஆட்டைக் கட்டி வெச்சா, தழை அறுத்துப் போட்டே இடுப்பு போயிரும்.

பையன் பாக்குற வீடியோவெல்லாம் அமெரிக்காவுல எடுத்தது. நானும் பாத்தேன். தாடிக்காரர், தொப்பி, பின்னாடி கண்ணுக்கெட்டுன வரைக்கும் புல்லு. அந்த ஊர்ல 1862-ல லிங்கன் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டத்துல குடும்பத்துக்கு 160 ஏக்கர் குடுத்தாங்க. (ஏற்கெனவே அங்க இருந்த பூர்வகுடிகளை வெரட்டிட்டுக் குடுத்தாங்கங்கிறதை வீடியோவுல யாரும் சொல்லக் காணோம்.) தாடிக்காரர் வருசத்துக்கு ஒரு காளையை அடிக்கறார், 200 கிலோவுக்கு மேல கறி வருது, ஆள் படுக்கற சைஸ்ல ரெண்டு பிரீசர் வெச்சிருக்கார், வருசம் பூரா எடுத்து எடுத்துத் திங்கறார். அவரோட சாப்பாட்டு முறைக்கு அஸ்திவாரமே அந்த பிரீசர்தான். நம்மூர்ல கோடையில கரன்ட் போறப்ப அதைத் தொறந்து பாக்க எனக்குத் தைரியம் இல்ல.

இங்க பிரீசர் இல்லாத காலத்துல என்ன பண்ணுனாங்க? கூறு போட்டாங்க. நாங்க இன்னமும் அதைத்தான் பண்றோம்.

நாலஞ்சு குடும்பம் பேசி வெச்சுக்கறது. இந்தத் தடவை எங்க கிடாய், அடுத்த தடவை பக்கத்துத் தோட்டத்துல. உரிச்சு, வாழை இலையில சமமாக் கூறு வெப்பாங்க. ஒவ்வொரு கூறுலயும் தொடைக்கறி கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம், ஈரல் ஒரு துண்டு, கொழுப்பு ஒரு துண்டு. ஒரு சின்னப் புள்ளையை அந்தப் பக்கம் திரும்பி நிக்க வெச்சு "இது யாருக்கு?"ன்னு கேப்பாங்க. அது சொல்ற பேருக்கு அந்தக் கூறு. சண்டையே வராது. ஒரு ஆட்டைக் குடுத்துட்டு நாலஞ்சு தடவை புதுக்கறி வாங்கிக்கறோம்.

(இன்னொரு லாபமும் இருக்கு. பேர் வெச்சு, புட்டிப்பால் குடுத்து வளர்த்த குட்டியா இருந்தா எங்க வீட்டுல யாரும் வாயில வெக்க மாட்டாங்க. அதைச் சந்தைக்கு ஓட்டிட்டு, அன்னைக்குக் கூறு வேற தோட்டத்துலேர்ந்து வாங்கிக்குவோம்.)

கிடாய் அடிக்கற அன்னைக்கு என்ன சாப்பிடணும்னு சார்ட் முடிவு பண்ணாது. எது முதல்ல கெடுமோ அது முதல்ல அடுப்புக்கு. ரத்தம் உப்புப் போட்டு ஒறைஞ்சதும் சின்ன வெங்காயம், தேங்காப்பூ போட்டுப் பொரியல். ஈரலும் சுவரொட்டியும் காலையிலயே வதங்கிரும். சுவரொட்டி ஒரு ஆட்டுக்கு ஒன்னுதான், அது யாருக்குங்கிறதுல மட்டும் எங்க வீட்டுல அரசியல் உண்டு. அடுத்து குடல். வெந்நியில முக்கி, சுண்ணாம்பு தடவி, கத்தி மொனையால வழிச்சு வழிச்சு, அந்தக் கறுப்புத் தோல் உரிஞ்சு வெள்ளையாகற வரைக்கும் உக்காரணும். இரைப்பையோட உள்பக்கம் டர்க்கி டவல் மாதிரி பொசுபொசுன்னு இருக்கும், அந்த ஒவ்வொரு இழைக்கும் நடுவுல மண்ணு. மதியம் ஆயிரும். தலையும் காலும் வெறகுத் தீயில வாட்டிச் சொரண்டி மறுநாள் சூப்புக்கு.

கறி? அதுக்கு அவசரமே இல்ல. அன்னைக்குக் கொஞ்சம் கொழம்பு. மிச்சத்தை நீள நீளமாக் கீறி, உப்பு, மஞ்சள், மொளகாத்தூள் பெரட்டி, கோணி ஊசியில சணல் கோத்து, வெயில்ல தோரணமாக் கட்டிரணும். உப்புக்கண்டம். ஈ மொய்க்காம வலைத்துணி போத்தணும், சாயங்காலம் உள்ள எடுத்துரணும், ஒடிச்சாச் சத்தம் வர்ற அளவுக்குக் காயணும். தட்டி நெய்யில வறுத்தா... வேண்டாம், மணி பத்துதான் ஆகுது, இப்பவே எச்சில் ஊறுது.

பையனோட சார்ட்டுல என்ன போட்டிருக்கு தெரியுமா? "மட்டன் போன்லெஸ் 200 கிராம்."

ஆடு போன்லெஸ்ஸாப் பொறக்கறதில்ல தம்பி.

இன்னொரு நாளைக்கு "கிரில்டு சிக்கன் பிரெஸ்ட்". பல்லடத்து பிராய்லர் 40 நாள்ல 2 கிலோ வரும், அதுல நெஞ்சுக்கறி பெருசாத்தான் இருக்கும். சிறுவிடைச் சேவல் அஞ்சு மாசம் ஓடி ஆடி 1 கிலோ சொச்சம் வந்து நிக்கும். அதோட நெஞ்சுல ஒரு கைப்பிடிக் கறி இருந்தா அதிசயம். அதுலயும் கொழுப்பு ரொம்பக் கம்மி.

இந்தக் கொழுப்பு விசயத்தைத்தான் நெறையப் பேர் கவனிக்கறதில்ல. ஸ்டெஃபான்சன்னு ஒருத்தர், கனடாவுல பொறந்தவர், ஆர்க்டிக் பக்கம் எஸ்கிமோக்களோட வருசக்கணக்குல இருந்துட்டு வந்து "வெறும் கறியிலயே மனுசன் வாழலாம்"னார். யாரும் நம்பல. 1928-ல நியூயார்க் பெல்லிவ்யூ ஆஸ்பத்திரி டாக்டர்கள் மேற்பார்வையில, அவரும் இன்னொருத்தரும் ஒரு வருசம் கறி மட்டும் தின்னு காட்டுனாங்க. ஆரம்பத்துல அவருக்குக் கொழுப்பு நீக்குன கறியாக் குடுத்தாங்க. ரெண்டு மூணு நாள்லயே கொமட்டல், வயித்துப்போக்கு. கொழுப்போட குடுத்ததும் சரியாப் போச்சு. சோத்தையும் விட்டுட்டு, கொழுப்பும் இல்லாத நாட்டுக்கோழியையே நம்புனா வயிறு எங்க நெறையும்?

நம்ம கோழி மெலிசு, நம்ம கொறங்காட்டு ஆடும் மெலிசு. அப்ப கொழுப்பு எங்கிருந்து வரணும்?

எருமை!

கலப்பினப் பசும்பால்ல கொழுப்பு 4 சதவீதம் சொச்சம். எருமைப்பால்ல 7 பக்கம். எங்க வீட்டுல இந்தச் சாப்பாடு வருசம் பூரா ஓடுதுன்னா அதுக்குக் காரணம் கறியே இல்ல. ரெண்டு வேளைப் பாலு, கட்டித் தயிரு, சிலுப்புன வெண்ணெய், உருக்குன நெய்யி. கறி வாரத்துக்கு ஒருக்கா, ரெண்டு தடவை வந்து போற விருந்தாளி. நீலகிரித் தோடர்களைப் பாருங்க. எருமையை நம்பியே தலைமுறை தலைமுறையா வாழ்ந்தவங்க, பால், மோர், வெண்ணெய், நெய், படுகர்கள்கிட்டேர்ந்து வந்த தானியம். ரிவர்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1906-ல அவங்களைப் பத்தித் தடிமனா ஒரு புத்தகமே போட்டிருக்கார். கறி திங்கிற வழக்கம் அவங்களுக்குப் பெருசாக் கெடையாது. அத்தனை எருமையை வெச்சுக்கிட்டு! கறி மட்டும் திங்கச் சொல்ற வீடியோக்காரங்க அவங்க பக்கம் ஒருக்கா எட்டிப் பாக்கலாம்.

(பச்சைப்பாலை அப்படியே குடிக்கிற புது ஃபேஷன் ஒன்னு வந்திருக்கு. மாட்டுக்கு புரூசெல்லா இருந்தா பால் வழியா நமக்கு வரும், காய்ச்சலும் மூட்டுவலியுமா மாசக்கணக்குல ஆட்டி வெக்கும். அமெரிக்காவுல 2024-ல கறவை மாடுகளுக்கே பறவைக் காய்ச்சல் வந்து, காய்ச்சாத பால்ல அந்தக் கிருமி இருந்துச்சு. எங்க மாமியார் சீம்பாலைக்கூட அவிச்சுத்தான் குடுப்பாங்க. காய்ச்சுங்க, அவ்வளவுதான்.)

எருமையும் வருசம் பூராக் கறக்காது. பத்து மாசத்துக்கு மேல சினை, கடைசி ரெண்டு மூணு மாசம் வத்துக்கறவை. அந்தச் சமயத்துக்கு நெய்யைச் சேத்து வெக்கணும். அப்பத்த பாலுக்குத்தான் காங்கேயம் பசு. கன்னு குடிச்சது போக ரெண்டு லிட்டர் குடுத்தாலே பெருசு, காப்பிக்கும் மோருக்கும் ஆச்சு.

அதனால தம்பி, எத்தனை கோழின்னு ஆரம்பிக்காத. ஆட்டைக் கடைசியா வாங்கு. கோழி பத்து போதும், ரெண்டு வருசம் அதுங்களோட பழகு. முதல்ல ஒரு கறவை எருமை. ரெண்டாம் ஈத்தா இருக்கணும், கன்னு கூட இருக்கணும், நாலு காம்புலயும் பால் வரணும், அதை நீயே கறந்து பாக்கணும். (கறக்கத் தெரியலைன்னா முதல்ல இங்க வந்து கத்துக்கோ. பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா. கறவை ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாத்தான் ஒருத்தராவது கல்யாணம் காச்சிக்கு வெளியூர் போக முடியும்.)

விக்கறவர் ஒரு வேளை கறக்காம விட்டு, மடியைப் பெருசாக் காட்டி வெச்சிருப்பார். அதுக்கு மயங்கிராத. சாயங்காலமே போய், உன் எதிர்ல ஒட்டக் கறக்கச் சொல்லு. மறுநாள் காலையில என்ன வருதோ அதுதான் கணக்கு. "எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"ன்னு மூஞ்சியைத் தூக்குவார். தூக்கட்டும். ராத்திரி அந்த ஊர்லயே தங்கிக்கோ. கட்டுத்தறிக்குப் பக்கத்துல எடம் கெடச்சா இன்னும் நல்லது.